அடுத்தவருக்காகப் போன மூவர்
(ஓர் இலக்கிய வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் வளர எழுத்தாளர் சங்கம் என்ன செய்ய முடியும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. பொதுப்படையாகப் பேசினால் இது நல்லெண்ணங்களின் பட்டியலாகிவிடும். பரிசு கொடுக்கலாம், நூலகங்களை நூல் வாங்கச் சொல்லலாம், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்லலாம். யாரும் மறுக்கப் போவதில்லை. யாருக்கும் அதில் புதிதாக எதுவும் கிடைக்கப் போவதுமில்லை. அதனால் ஒரே ஒரு சங்கத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். நைஜீரிய எழுத்தாளர் சங்கம். 1981 ஜூன் மாதம் நுசுக்கா நகரில் உள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் சினுவா அச்செபே கூட்டிய மாநாட்டில் பிறந்தது அது.

நைஜீரியா நமக்கு அவ்வளவு அந்நியமான நாடு இல்லை. எண்ணெய்ப் பணம் பாய்ந்த 1970களில் நம் ஊர்களிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் எத்தனையோ ஆசிரியர்கள் அங்கே போய்க் கணக்கும் அறிவியலும் கற்பித்திருக்கிறார்கள். 1958இல் வந்த அச்செபேயின் முதல் நாவலைத் தமிழில் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் உங்களில் பலர் படித்திருப்பீர்கள். நாவலைப் படித்த நமக்கு, அதை எழுதியவர் சங்கம் கட்டுவதற்காக எவ்வளவு காலம் செலவிட்டார் என்பது தெரியாமலே இருந்துவிட்டது. அச்செபே நல்ல நிர்வாகி. 1962இல் ஹைனமன் பதிப்பகம் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையைத் தொடங்கியபோது அதற்கு ஆசிரியராகப் பத்தாண்டு இருந்து, பிறர் கைப்பிரதிகளைப் படித்துப் படித்து வெளிக்கொண்டுவந்தவர். 1971இல் ‘ஒகிகே’ என்ற இதழைத் தொடங்கியவர். தன் எழுத்து நேரத்திலிருந்து பிறருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்த மனிதர்.

1981க்கு முன்பே அந்த நாட்டில் ஒரு சங்கம் இருந்தது. 1960களில் லாகோஸில் நைஜீரிய நூலாசிரியர் கழகம் என்று ஒன்றை நடத்தினார்கள். அதற்கும் தலைவர் அச்செபேதான். 1966 ஜனவரி நடுவில் அதன் கூட்டம் ஒன்று நடந்தது. அச்செபேயின் நான்காவது நாவல் அப்போதுதான் வெளிவரவிருந்தது. ஊழல் அரசியல்வாதி ஒருவனின் கதை. முடிவில் ராணுவம் ஆட்சியைப் பிடிக்கிறது. முன்பிரதியைப் படித்திருந்த கவிஞர் ஜே.பி. கிளார்க், இதில் உள்ள எல்லாமே நம் நாட்டில் நடந்துவிட்டது, ராணுவக் கவிழ்ப்பு ஒன்றுதான் பாக்கி, நீ தீர்க்கதரிசிதான் என்று அச்செபேயிடம் சொன்னார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் ராணுவம் கிளம்பிவிட்டிருந்தது. ஜனவரி 15 அதிகாலையில் பிரதமர் அபுபக்கர் தஃபாவா பலேவாவைப் பிடித்துச் சென்றார்கள்; அவர் கொல்லப்பட்டார், ஆட்சி கவிழ்ந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் எதிர்க் கவிழ்ப்பு. வடக்கில், அச்செபேயின் இனமான இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். நாவலில் கவிழ்ப்பை எழுதியவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று ராணுவத்தினர் சந்தேகித்தார்கள். வானொலி நிலையத்தில் அச்செபே வேலை பார்த்த அலுவலகத்துக்கே தேடி வந்தார்கள். அவர் தப்பிக் கிழக்கே போனார். 1967 ஜூலையில் போர் தொடங்கியது. கிழக்குப் பகுதி பயாஃப்ரா என்ற பெயரில் தனி நாடாக அறிவித்துக்கொண்டிருந்தது. 1970 ஜனவரியில் போர் ஓய்ந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள். அதில் பெரும் பகுதி பட்டினிச் சாவு.

லாகோஸ் கூட்டங்களில் உட்கார்ந்து பேசிய அந்தத் தலைமுறை எழுத்தாளர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். அச்செபே பயாஃப்ராவின் தூதராக நாடு நாடாகப் போனார். கிளார்க் கூட்டரசின் பக்கம் நின்றார். நாடகாசிரியர் வோலே சோயிங்கா போரைத் தடுக்கலாம் என்று நம்பிக் கிழக்கே போய்ப் பேசிவிட்டு வந்தார். கூட்டரசு அவரைப் பிடித்து 1969 அக்டோபர் வரை சிறையில் வைத்தது, பெரும்பாலும் தனிமைச் சிறையில். கவிஞர் கிறிஸ்டோஃபர் ஒகிக்போ, பயாஃப்ரா படையில் சேர்ந்து 1967இல் களத்தில் இறந்தார். இதே ஒகிக்போ 1966இல் டாக்கரில் நடந்த கறுப்பர் கலை விழாவில் தனக்குக் கிடைத்த கவிதைப் பரிசை, கவிதையில் கறுப்பர் கவிதை என்று தனியாக ஒன்று கிடையாது என்று சொல்லி வாங்க மறுத்தவர். போர் தொடங்கிய நாட்களில் எனுகு நகரில் அவரும் அச்செபேயும் சேர்ந்து குழந்தைகளுக்கு நூல் போட ஒரு பதிப்பகம் தொடங்கியிருந்தார்கள். ஒகிக்போவோடு அதுவும் போயிற்று.

ஒகிக்போ விழுந்தது நுசுக்காவைக் காக்கும் சண்டையில். அந்த நுசுக்காவில்தான் பதினான்கு ஆண்டு கழித்து அச்செபே எல்லாரையும் அழைத்தார். பிரிந்த பக்கத்தவர், எதிர்ப் பக்கத்தவர், சிறை சென்றவர், சிறைக்கு அனுப்பிய அரசில் வேலை பார்த்தவர், எல்லாரையும். எழுத்தாளர் சங்கத்தின் விதிமுறைகளில் முதல் பத்தியாக நோக்கம் என்று ஏதோ எழுதியிருப்பார்கள். இலக்கியத்தை வளர்ப்பது, நூலாசிரியர் உரிமையைக் காப்பது என்று. எனக்கு அந்த வாசகங்களைவிட அழைப்பு போன முகவரிகள்தான் முக்கியமாகப் படுகின்றன. போர் முடிந்து பதினோரு ஆண்டே ஆகியிருந்தது. ஒரே நாட்டின் எழுத்தாளர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு எளிதாக வந்திருக்காது. வந்தார்கள். அச்செபேயைத் தலைவராக்கினார்கள், 1986 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்த நேரத்தில் சங்கம் வேண்டியிருந்ததற்கு இன்னொரு காரணம் பதிப்புத் துறையின் நிலை. எண்ணெய் விலை இறங்கியதும் அந்நியச் செலாவணி வறண்டது. லண்டன் பதிப்பகங்களுக்கு ஆப்பிரிக்கப் பாடநூல் சந்தைதான் சோறு போட்டுக்கொண்டிருந்தது. நைஜீரியா பணம் கட்ட முடியாமல் நின்றதும் புது நாவல்களில் அவர்களுக்கு இருந்த ஆர்வமும் தளர்ந்தது. 1986இல் பொருளாதாரச் சீரமைப்புத் திட்டம் வந்தபின் நாணயம் சரிந்து, காகிதம் முதல் மை வரை எல்லாம் எட்டாத விலைக்குப் போயின. எழுத்தாளர்கள் சொந்தக் காசில் போட்டுக்கொண்டார்கள். கென் சாரோ-விவாவின் ‘சோசாபாய்’ அதற்கு முன்பே, 1985இல், அப்படித்தான் வந்தது. போருக்குப் போகும் ஒரு கிராமத்துப் பையனின் கதை. பள்ளிக்கூட இலக்கணம் எதற்கும் அடங்காத தெருவோர ஆங்கிலத்தில் எழுதியது. போரைப் பற்றி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நாவல்களில் அதைத்தான் நான் முதலில் வைப்பேன். இப்படித் தனித்தனியாக அச்சடித்துக்கொண்டவர்களுக்கு விமர்சகர் இல்லை, விற்பனையாளர் இல்லை. ஆண்டு மாநாடும் சங்கப் பரிசும் மாநிலக் கிளைகளின் மாதாந்திர வாசிப்புக் கூட்டமும் அந்த இடத்தை நிரப்பின. ஒவ்வொரு முறையும் வேறொரு ஊரில் மாநாடு. வடக்கத்தியவர் தெற்கே வந்தார், தெற்கத்தியவர் வடக்கே போனார். நாவல் எழுதுகிறவருக்கு அதனால் என்ன லாபம் என்று கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் தன் மொழிக்காரர் தவிர வேறு யாரும் தன்னைப் படிக்கவில்லை என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

இனி 1986க்கு வருகிறேன். இந்த உரையில் நான் சொல்ல விரும்பியதே இதைத்தான்.

மேஜர் ஜெனரல் மம்மன் வாட்சா ராணுவ அதிகாரி, கவிஞரும்கூட. வடக்கைச் சேர்ந்தவர். போர்க் காலத்தில் கூட்டரசுப் படையில் இருந்தவர். குழந்தைகளுக்காகவும் பிட்ஜின் என்கிற கலப்பு ஆங்கிலத்திலும் கவிதைகள் எழுதினார். 1981இல் அவருடைய பிட்ஜின் கவிதைத் தொகுப்பு ஒன்று வந்தது. புதிய தலைநகராக உருவாகிவந்த அபூஜாவுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தபோது, எழுத்தாளர் சங்கத்துக்கு அங்கே நிலம் ஒதுக்கினார். பெரிய கவிஞர் என்று யாரும் அவரைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எழுத்தாளர்களோடு இருப்பதை விரும்பிய ராணுவத்துக்காரர், அவ்வளவுதான்.

1985 ஆகஸ்டில் இப்ராஹிம் பாபாங்கிடா ஆட்சியைப் பிடித்தார். வாட்சாவும் அவரும் பள்ளித் தோழர்கள், இளவயது நண்பர்கள். அந்த டிசம்பரில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாக வாட்சாவைக் கைது செய்தார்கள். ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

1986 மார்ச் 4ஆம் தேதி, லாகோஸில் ஆட்சித் தலைவரின் இருப்பிடமான டோடன் பேரக்ஸுக்கு மூன்று பேர் போனார்கள். அச்செபே, சோயிங்கா, கிளார்க். இக்போக்காரர் ஒருவர், யொரூபாக்காரர் ஒருவர், டெல்டாவின் ஓடைக் கரையில் பிறந்தவர் ஒருவர். போரில் மூன்று வெவ்வேறு இடங்களில் நின்ற மூவர். யாருக்காகப் போனார்கள்? அவர்களில் ஒருவரின் மக்களை எதிர்த்துப் போரிட்ட படையின் அதிகாரிக்காக. குற்றவாளி அல்ல என்று வாதாட அவர்கள் போகவில்லை. அது அவர்களுக்குத் தெரியக்கூடிய விஷயமும் இல்லை. உயிரை விட்டுவிடுங்கள் என்று கேட்கப் போனார்கள். பாபாங்கிடா மரியாதையாக வரவேற்றார், கேட்டுக்கொண்டார். ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கையோடு வெளியே வந்தார்கள். மறுநாள் வாட்சாவையும் மற்ற அதிகாரிகளையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

தோல்விதான். அதை வேறு பெயர் சொல்லி அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் நைஜீரிய எழுத்தாளர் சங்கம் தன் பெயருக்குத் தகுதி பெற்ற நாள் எது என்று கேட்டால் அந்த மார்ச் 4ஐத்தான் காட்டுவேன். சங்கத் தலைவர் ஒருவர் ஆட்சியாளர் வீட்டு வாசலில் போய் நிற்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது. விருது, பதவி, வாரிய உறுப்பினர் இடம், வீட்டு மனை என்று எதற்காவது போவார்கள். அச்செபே போனது தன்னோடு எந்த ரத்த உறவும் இல்லாத, தன் இனமில்லாத, தன் பக்கமில்லாத, எழுத்தால் மட்டுமே தனக்கு உறவான ஒருவருக்காக. அச்செபேக்கும் கிளார்க்குக்கும் போர் உண்டாக்கிய மனத்தாங்கல் லேசானதில்லை. அந்த ஒரு காரியம் அவர்களை ஒரே அறையில் நிறுத்தியது. ஒரு நாட்டுக்குப் பொதுவான இலக்கியம் உண்டாவதற்கு நாவல்கள் மட்டும் போதாது. இந்த மாதிரி ஒருவருக்காக ஒருவர் நிற்கும் பழக்கமும் வேண்டும் என்று நான் நம்புகிறேன். அதே ஆண்டு அக்டோபரில் சோயிங்காவுக்கு நோபல் பரிசு வந்தது. உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

அடுத்து சாரோ-விவா. 1990 முதல் 1993 வரை சங்கத்தின் தலைவர் அவர். ஒகோனி என்ற சிறு இனத்தைச் சேர்ந்தவர். போரின்போது பயாஃப்ராவை எதிர்த்து, கூட்டரசின் சார்பில் போனி துறைமுகப் பகுதிக்கு நிர்வாகியாக இருந்தவர். பயாஃப்ராவின் தூதர் தொடங்கிவைத்த சங்கத்துக்கு, பயாஃப்ராவை எதிர்த்தவர் தலைவராக வர முடிந்தது என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சித் தொடரால் நாடெங்கும் அறிமுகமானவர், வணிகத்தில் பொருள் சேர்த்தவர், பேசத் தெரிந்தவர். அந்தக் காலத்திலேயே ஒகோனி மக்களின் இயக்கத்தையும் நடத்தினார். அவர்கள் நிலத்தில் 1958 முதல் ஷெல் நிறுவனம் எண்ணெய் எடுத்தது; நிலமும் ஆறும் கெட்டன, மக்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை. 1993 ஜனவரி 4ஆம் தேதி சுமார் மூன்று லட்சம் ஒகோனி மக்கள் அமைதியாக ஊர்வலம் போனார்கள்; அந்த இனத்தின் மொத்தத் தொகையே ஐந்து லட்சம்தான்.

ராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சாவின் அரசு சாரோ-விவாவைக் கொலைவழக்கில் சிக்கவைத்து, மேல்முறையீடு இல்லாத சிறப்புத் தீர்ப்பாயத்தில் நிறுத்தியது. அப்போது சங்கத் தலைவர் கவிஞர் ஒடியா ஓஃபெய்முன். சங்கமும் உலகெங்கும் உள்ள எழுத்தாளர் அமைப்புகளும் குரல் கொடுத்தன. 1995 நவம்பர் 10ஆம் தேதி போர்ட் ஹார்கோர்ட் சிறையில் சாரோ-விவாவையும் மற்ற எட்டுப் பேரையும் தூக்கிலிட்டார்கள். ஆக்லாந்தில் அப்போது கூடியிருந்த காமன்வெல்த் தலைவர்கள் நைஜீரியாவை இடைநீக்கம் செய்தார்கள். சோயிங்கா ஓராண்டுக்கு முன்பே நாட்டைவிட்டுத் தப்பியிருந்தார். அச்செபே 1990 கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து அமெரிக்காவில் இருந்தார். உள்ளேயே இருந்து, கிளைக் கூட்டங்களை நிறுத்தாமல் நடத்தியவர்களின் பெயர்கள் வெளியே தெரியாது. அந்த ஆண்டுகளில் ஒரு மாநாட்டைக் கூட்டுவதே பெரிய துணிச்சல்.

இதோடு நிறுத்தினால் சங்கத்தைத் தியாகிகள் மண்டபமாக்கிவிட்டுப் போனவன் ஆவேன். 1999இல் குடியாட்சி திரும்பியபின் அதன் சிக்கல்கள் வேறு மாதிரி ஆயின. பணம் வந்தது. 2004இல் நைஜீரிய எரிவாயு நிறுவனம் ஓர் இலக்கியப் பரிசைத் தொடங்கியது. 20,000 டாலரில் ஆரம்பித்து 1,00,000 டாலருக்கு வளர்ந்தது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய இலக்கியப் பரிசுகளில் ஒன்று. முதல் ஆண்டு எந்த நாவலும் தகுதி பெறவில்லை என்று நடுவர்கள் கைவிரித்தார்கள். செம்மையாக்கம் செய்ய ஆள் இல்லாமல் சொந்தக் காசில் அச்சான இருபது ஆண்டுகளின் விலை அது என்றே எனக்குப் படுகிறது. அடுத்த ஆண்டு கவிதைக்கான பரிசை, எண்பதைத் தாண்டிய கேப்ரியல் ஒகாராவும், அச்செபேயின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய எசென்வா-ஒஹாயெட்டோவும் பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த எரிவாயு நிறுவனத்தில் அரசுக்கு அடுத்தபடி பெரும்பங்கு ஷெல் நிறுவனத்துடையது. ஒகோனி நிலத்தில் எண்ணெய் எடுத்த அதே ஷெல். சாரோ-விவா வழக்கில் 2009இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் 1.55 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்ட ஷெல். எழுத்தாளர்கள் அந்தப் பரிசை வாங்கலாமா? வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாடகை கட்ட முடியாத கவிஞரிடம் நெறி பேசுவது அழகில்லை. 2008இல் கைனே அகாரியின் ‘யெல்லோ-யெல்லோ’ அதே பரிசை வென்றது. எண்ணெய்க் கசிவால் வயலை இழந்த தாயின் மகள் பற்றிய நாவல் அது. நடுவர்கள் யாருக்கும் பயப்படவில்லை என்பதற்கு அத்தாட்சி. என் வருத்தம் எழுத்தாளர்கள்மீது இல்லை, சங்கத்தின்மீது. தன் தலைவர் ஒருவரைத் தூக்கில் பறிகொடுத்த சங்கம், இந்தப் பணத்தைப் பற்றிய விவாதத்தை மாநாட்டு மேடையின் நடுவில் வைத்திருக்க வேண்டும். தனிமனிதர் வாங்குவது வேறு, சங்கம் வாழ்த்துவது வேறு.

வாட்சா கொடுத்த நிலத்தின் விஷயத்தில் சங்கம் வேறு விதமாக நடந்துகொண்டது. அபூஜாவின் ம்பாபே பகுதியில் அது பல பத்தாண்டு வெறும் மனையாகவே கிடந்தது. எழுத்தாளர்களிடம் கட்டப் பணமில்லை. தலைநகரில் நில விலை ஏற ஏற, கண் வைத்தவர்கள் அதிகமானார்கள். அடுத்தடுத்து வந்த தலைவர்கள் அதைக் கைநழுவ விடாமல் காப்பதிலேயே பதவிக்காலத்தைக் கழித்தார்கள். கடைசியில் கட்டடங்கள் எழுந்தன. மம்மன் வாட்சா எழுத்தாளர் கிராமம் என்று பெயர் வைத்தார்கள். சுட்டுக் கொன்ற அரசு ‘துரோகி’ என்றவரின் பெயரை, அதே அரசின் தலைநகரில் பலகையில் எழுதி மாட்டினார்கள். அந்தப் பெயரை வைத்ததற்காக அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கடைசியாக மொழி. சங்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் சங்கமாகவே வளர்ந்தது. நாட்டிலோ ஐந்நூறு மொழிகள். யொரூபாவில் ஃபாகுன்வா 1938லேயே நாவல் எழுதினார். சோயிங்கா அதைப் பின்னால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஹவுசாவில் அபுபக்கர் இமாம் கதைத் தொகுதிகள் எழுதினார். 1980களின் கடைசியிலிருந்து கானோ நகரச் சந்தையில் பெண்கள் எழுதிய ஹவுசா நாவல்கள் குவியத் தொடங்கின. மெல்லிய தாள், மலிவு விலை. காதல், பலதார மணம், பிள்ளை வயதுத் திருமணம் என்று வீட்டுக்குள் நடப்பதை எழுதினார்கள். பல்கலைக்கழகத்தார் முகம் சுளித்தார்கள். மதவாதிகள் கோபப்பட்டார்கள். 2007இல் கானோ ஆளுநரே ஒரு பெண்கள் பள்ளியில் இந்தப் புத்தகங்களைத் தீயிலிட்டார். எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும் தணிக்கை வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. சங்கத்தின் கானோ கிளை அதை எதிர்த்தது. நாவல்களின் தரம் பற்றி அந்தக் கிளைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்திருக்கலாம். எதிர்த்து நின்றபோது அதைப் பேசிக்கொண்டிருக்கவில்லை.

அந்த கானோ எழுத்தாளர்களில் முன்னோடி பலராபா ரமத் யாகுபு. சிறுவயதிலேயே மணம் முடித்துக் கொடுக்கப்பட்டு, முதியோர் கல்வி வகுப்பில் படித்து எழுத்தாளரானவர். 1976இல் கொல்லப்பட்ட ஆட்சித் தலைவர் முர்த்தலா முகம்மதுவின் தங்கை. 1990இல் வந்த அவருடைய ஹவுசா நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் 2012இல் வெளியிட்டது லண்டனோ நியூயார்க்கோ அல்ல. நம் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம். தமிழ் மாத நாவல்களை, ராஜேஷ்குமாரையும் சுபாவையும் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்ட அதே பதிப்பகம். கானோ சந்தை நாவலுக்கும் நம் பேருந்து நிலையக் கடை நாவலுக்கும் உள்ள உறவு அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

செயற்குழுவினர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். இரண்டு கோரிக்கைகளை உங்களிடம் வைக்கிறேன். நைஜீரியக் கிளைகளின் மாதக் கூட்டத்தில், புத்தகம் போடாதவரும் எழுதிக்கொண்டிருக்கும் கதையைக் கொண்டுவந்து வாசிக்கலாம். நம் வட்டத்தில் இதுவரை நூல் வெளிவந்தவருக்கே மேடை கிடைத்திருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மற்றவர்களுக்கு ஒதுக்குங்கள். இன்னொன்று, அடுத்த மூன்று மாதங்களுக்கு ‘சிதைவுகள்’, ‘சோசாபாய்’, பலராபாவின் நாவல் என்று மூன்றையும் வரிசையாக எடுத்துப் பேசுவோம். பிரதிகள் தேடிப் பிடிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். பரிசுப் பணத்தைப் பற்றி நான் சொன்னதில் உடன்பாடில்லாதவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்களிடமிருந்தே கேள்விகளைத் தொடங்கலாம்.